எட்டு ஓட்டைத் தகடு

என் அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்த பெண்மணியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் காது இரண்டும் சூடாகிவிடுகின்றன. அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா, அவரோடு சண்டை போட வேண்டுமா என்று இதுவரை தீர்மானத்துக்கு வர முடியவில்லை. இப்போது அவர் மகளோடு மஸ்கட்டில் இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் கடற்கரை உண்டு. அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்துகொள்வது நல்லது.

பெயர் தெரியாது. நாலு வருடம் பழகியும் கேட்கத் தோன்றவில்லை. அடையாறில் அவர் வேலை பார்த்த சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில் டாக்டரிலிருந்து லிஃப்ட் ஆள் வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்ததாக ஒருமுறை சொன்னார். குட்டையான, அகலமான உருவம். குரல் மட்டும் கரையில் நின்றபடி நடுக்கடல் படகைக் கூப்பிடுகிற குரல். "மூச்சு இழு! புடி! அசையாத!" என்று அவர் அறைக்குள் சொன்னால், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டபோது அவரிடம் போய்ச் சேர்ந்தோம். அறுவை சிகிச்சை செய்து, எலும்போடு ஒட்டி ஒரு எஃகுத் தகட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். அதற்கப்புறம் மாதாமாதம் எக்ஸ்ரே. எக்ஸ்ரேக்கு முன்னால் உடம்பிலுள்ள உலோகத்தையெல்லாம் கழற்றிவிட வேண்டும் அல்லவா, அப்பா தன் வெள்ளி அரைஞாணைக் கழற்ற மறுத்து அடம்பிடித்தார்.

"பெரியவரே, என் கையில குடு. முப்பத்தொரு வருசமா ஜனங்க தாலி, மூக்குத்தி, மெட்டி எல்லாத்தையும் கழட்டி இந்தக் கையிலதான் குட்த்துகினு கீறாங்கோ. ஒரு திருகாணி காணாமப் போனது கெடையாது" என்றார் அக்கா. அப்பா கொடுத்துவிட்டார். படம் எடுத்து முடித்து, அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, அரைஞாணைத் தானே கட்டிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. படம் நிற்கும். ஒருநாள் காய்கறிக் கடையில் என் பின்னால் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "நீ வலது மணிக்கட்டு இல்ல? ரெண்டு எலும்பும் ஒடஞ்சி வந்தியே" என்றார். அந்தப் பெண் கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டாள். அப்பாவின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவர் விவரித்தது எனக்கு இன்னும் மனப்பாடம். "தோ பாரு பெரியவரே. எட்டு ஓட்டை. ஏழுலதான் ஸ்க்ரூ. மேலேர்ந்து மூணாவது ஸ்க்ரூவுக்குத் தலை ஒடஞ்சி போச்சு. கீழ் ஓரம் லேசா வளைஞ்சி கீது. யாருகிட்டயும் சொல்லாம மாடிப்படி ஏறினியா இல்லியா?" ஏறியது உண்மைதான். அதற்கப்புறம் அப்பா சரியாக நடக்கவில்லை. மூன்று வருடம் கட்டிலும் சக்கர நாற்காலியுமாகப் போனது. குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, வாசல் வரை நடப்பதே பெரிய காரியமாக இருந்தது.

அக்கா ஓய்வு பெற்றார். சும்மா உட்கார்ந்தால் வீட்டிலுள்ளவர்களைப் படுத்தி எடுப்பார் என்று பயந்து, கப்பலில் வேலை செய்யும் அவருடைய தம்பி ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்து கொடுத்தார். இங்கே அந்தக் கருவியைப் போலீஸ்காரர் கையில்தான் ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படி இருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஆஸ்பத்திரியில் போட்டிருந்த நீலக் கோட்டு, தூக்கிச் செருகிய புடவை, கான்வாஸ் ஷூ, கொண்டைக்கு மேல் ஹெட்போன் சகிதம் ஒரு பெண்மணி மணலைத் துழாவிக்கொண்டே வந்து, சட்டென்று நின்று, சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "அசையாத!" என்று கத்தினால் என்ன ஆகும்? நான் அப்போது சர்க்கரைக்காக நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தேன். என் கண் முன்னால் பாதிக் கடற்கரை காலியாயிற்று. சிரிப்புப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓடியதை இப்போது நினைத்தாலும் எனக்கு நம்ப முடியவில்லை.

ரோந்து ஜீப்பில் வந்த போலீஸ்காரர் தள்ளியே நின்று, "இன்னாம்மா பண்ணிக்கினு கீற? பர்மிஷன் வாங்கினியா?" என்று அதட்டினார். அக்கா ஹெட்போனை எடுக்காமலே, தோண்டியதைக் கையில் தூக்கிக் காட்டினார். டிபன் கேரியர் மூடி. பிறகு போலீஸ்காரரை மேலும் கீழும் பார்த்து, "நீ இடுப்பு இல்ல? பைக்லேர்ந்து வுழுந்து வந்தியே. இப்ப எப்டி கீது நைனா?" என்றார். போலீஸ்காரர் அனிச்சையாக இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பர்மிஷன் பேச்சு அதோடு போயிற்று.

அவர் தேடுவதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. குதிகாலால் மணலில் கோடு இழுப்பார். கோட்டின் மேலே போய், அடுத்த கோட்டில் திரும்பி வருவார். பெரிய அலை அடித்த மறுநாள் மணல் அரித்திருக்கும், அன்று தண்ணீர் ஓரம். விநாயகர் சதுர்த்தி முடிந்து இரண்டு வாரம் வரவே மாட்டார், பிள்ளையார்களுக்குள் இருந்த கம்பியெல்லாம் கரையில் கிடந்து மிஷினில் கத்தும். காணும் பொங்கலுக்கு மறுநாள்தான் பெரிய அறுவடை. கொலுசு, சாவி, குழந்தைகளின் தாயத்து, மூக்குக்கண்ணாடி. எதையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டதில்லை. தங்கத்தையும் சோடா மூடியையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு சுண்டல் கடையில் கயிறு கட்டியிருந்தார். அதில் கோத்துத் தொங்கவிடுவார். தங்கத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவார். கிடைக்கும் வரை விடமாட்டார்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பல்செட் விவகாரம் வரை.

மேல்வரிசையில் நாலு பல், ஓரத்தில் உலோகக் கொக்கி. அந்தக் கொக்கிதான் மிஷினில் சத்தம் போட்டிருக்கிறது. அக்கா அதைக் கழுவி ஒரு கைக்குட்டையில் வைத்துக்கொண்டு, அறுபது வயதுக்கு மேல் தெரிகிற ஒவ்வொரு ஆணையும் வழிமறித்து, "வாயத் தொற" என்றார். மூன்று காலை இது நடந்தது. நாலாம் நாள், எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாயைத் திறக்க மறுத்தார். "எனக்கு எல்லாமே சொந்தப் பல்லும்மா" என்று வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார். அக்கா அவர் தாடையைக் கீழிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொய் சொல்லாத வாத்தியாரே, மேல நாலு இல்ல" என்று பத்துப் பேர் நடுவில் கைக்குட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டு போனவர்தான், அதற்கப்புறம் அந்த மனிதரை நாங்கள் கடற்கரையில் பார்க்கவில்லை. அக்காவுக்கு அது உறைக்கவே இல்லை. "சாப்ட கஷ்டப்பட்டிருப்பாரு, பாவம்" என்றார் சந்தோஷமாக.

மோதிர விவகாரத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. உட்புறம் இரண்டு முதலெழுத்தும் நகைக்கடை முத்திரையும் பொறித்த மோதிரம். அக்கா தி.நகருக்குப் பஸ் ஏறி, அந்தக் கடையைத் தேடிப் பிடித்து, அவர்களைக் கொண்டு வாங்கியவருக்குப் போன் செய்யவைத்து, ஒரு பெண்ணைக் கடற்கரைக்கு வரவழைத்துவிட்டார். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். மோதிரத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது.

"இதைத் தூக்கிப் போட்டதே நான்தான் ஆன்ட்டி. யார் உங்களைத் தோண்டச் சொன்னது? ஒரு வருஷமா கஷ்டப்பட்டு மறந்துட்டிருக்கேன், கொண்டுவந்து கையில குடுக்கறீங்க!" என்று கத்திவிட்டு, அங்கேயே திரும்பவும் கடலில் வீசி எறிந்துவிட்டு அழுதுகொண்டே போனாள். அக்கா அவள் போவதைப் பார்த்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மோதிரம் விழுந்த திசையைக் கணக்குப் போட்டு, முட்டியளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்!

மூன்றாம் நாள் அது கிடைத்தது. "ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? அந்தப் பொண்ணு வேண்டாம்னுதானே போட்டது?" என்று கேட்டேன். "கோவத்துல போட்டது. மனசு மாறும். அன்னிக்கி வந்து கேட்டா எங்க போவ?" என்றார். மணலுக்குள் கிடப்பது எதுவானாலும் யாரோ ஒருவர் அதற்காக ஏங்கிக்கொண்டிருப்பார் என்பது அவருடைய முடிவு. சிலவற்றை ஜனங்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போவார்கள் என்பது அவர் மண்டையில் ஏறவே ஏறாது. இப்படிப்பட்ட ஒருவரிடம் நாமும் மாட்டிக்கொள்வோம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அதே வருடம் அப்பா இறந்துபோனார். அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. படுக்கையிலிருந்து நூறு தடவை சொல்லியிருக்கிறார். எரித்த மறுநாள் சுடுகாட்டில் சாம்பலைச் சேகரித்துக் கொடுத்தவர், "இரும்புத் தகடு ஒண்ணு கெடக்குது, எடுத்துப் போட்றவா சார்?" என்று கேட்டார். மூன்று வருடம் அப்பா உடம்பில் இருந்தது, அதுவும் போகட்டும் என்று பானைக்குள்ளேயே போடச் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். மஞ்சள் துணியில் கட்டிய பானையை என் கையில் கொடுத்துவிட்டு, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை நின்றாள். முட்டி மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அவளும் வந்திருப்பாள்.

இனி எழுதப்போவதை இதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. ரயில் ஏற எழும்பூர் போகவேண்டிய ஆட்டோ அங்கே போகவில்லை. அடையாறு சிக்னல் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேன். மூன்று வருடத்தில் ஒரு இரவுகூட நான் முழுசாகத் தூங்கியதில்லை. பாதி வழியில் ஏதோ கேட்க ஓட்டுநர் எழுப்பியபோது எனக்கு ரயில், ராமேஸ்வரம் எதுவுமே வேண்டியிருக்கவில்லை, ஒரு படுக்கைதான் வேண்டியிருந்தது. தி.நகரில் ஒரு லாட்ஜுக்குப் போகச் சொன்னேன். பானையை மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்தவன் மறுநாள் பத்து மணிக்கு எழுந்தேன். ரயிலை விட்டாயிற்று. எழுந்ததும் பெசன்ட் நகர் போய், உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் முட்டியளவு தண்ணீரில் நின்று, கும்பிட்டுவிட்டு, பானையைக் கவிழ்த்தேன். திரும்ப லாட்ஜுக்கு வந்து இன்னொரு இரவும் தூங்கினேன். மூன்றாம் நாள் காலை மயிலாப்பூரில் ஒரு பூஜைச் சாமான் கடையில் ராமேஸ்வரம் தீர்த்தம் என்று எழுதிய குட்டிச் செம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட்டமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மந்திரம் சொன்னவர் பொறுமையாகச் சொன்னாரா என்றாள். ரொம்பப் பொறுமை என்றேன். கேட்கக் கேட்க எனக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு லாவகமாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் எட்டு மாதமும் அவளுக்கு ஒரே குறைதான். "ஒரு தடவை அங்க போய்க் கால் நனைச்சுட்டு வந்தா எனக்கு ஆறிடும்டா" என்பாள். முட்டி சரியாகட்டும்மா என்பேன். சில நாள் மத்தியானம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுவாள். நான் பார்க்காததுபோல் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மணல் ஒட்டிய ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, கையில் பழைய எக்ஸ்ரே உறையோடு உள்ளே வந்தார். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா, அவர் படமா?" என்றாள்.

"படமில்லம்மா, அத்தவிட நல்லது" என்று சொல்லி, உறையைச் சாய்த்தார். பீன்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் டங்கென்று அது விழுந்தது.

ஒரு சாண் நீளம். கறுத்திருந்தது, ஆனால் தேய்த்த இடமெல்லாம் பளபளப்பு. எட்டு ஓட்டை. மூன்றாவது ஓட்டையில் தலை உடைந்த ஸ்க்ரூ இன்னும் கவ்விக்கொண்டிருந்தது. கீழ் ஓரத்தில் அந்த வளைவு.

"புளி போட்டுத் தேச்சேன். பார்த்த ஒடனே பெரியவர்னு தெரிஞ்சிபோச்சி. கரைக்க சொல்லோ கை நழுவிடுச்சி போல" என்றார் அக்கா. அஸ்தி எங்கே போயிற்று என்று நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டது எதுவும் அவருக்குத் தெரியாது.

அம்மா விரலால் தகட்டைத் தொட்டாள். "எங்கம்மா கிடைச்சுது?"

"இங்கதான். ஒடஞ்ச பாலத்துக்கு இந்தாண்ட."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கை கூப்பினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. "ராமேஸ்வரத்துல போட்டதும்மா இது! என்னைப் பார்க்க இவ்ளோ தூரம் வந்துட்டாரா!" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அம்மாவும் சாகும் வரை அந்த அதிசயத்தைச் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது, நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

"ராமேஸ்வரத்துலர்ந்தா? அதெப்டிம்மா? இரும்பு நீஞ்சுமா?" என்றார் அக்கா. "இது போட்ட எடத்துலர்ந்து பத்தடி நவுந்திருந்தாலே ஜாஸ்தி. கருங்கல்லு மாதிரி உள்ள எறங்கிப் படுத்துகினு இருந்துச்சி. நான்தான்..."

பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. சமாளித்து ஏதாவது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். இன்னொருவராக இருந்தால், கடல் யார் கண்டது என்று பேச்சை மாற்றியிருப்பார்.

"நான் வரேம்மா. ஒங்க புள்ள ஒங்ககிட்ட பேசணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். அவர் படியில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "எனக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா உங்களுக்கு? தனியா என்கிட்ட குடுத்திருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

அக்கா நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். "ஒன்கிட்ட குட்த்திருந்தா அலமாரியில வெச்சிப் பூட்டியிருப்ப நைனா" என்றார். "அது அவங்க ஊட்டுக்காரர்து. போ, உள்ள போ. நின்னுகினு இருக்காத."

உள்ளே போனேன். அம்மா தகட்டை மடியில் வைத்திருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோவில் தூங்கியது, லாட்ஜ், பெசன்ட் நகர், மயிலாப்பூர்ச் செம்பு, ஒன்றையும் விடவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து அறைக்குள் போனாள். கால் மணி நேரம் கழித்து வேறு புடவை கட்டிக்கொண்டு, தகட்டை முந்தானையில் சுற்றிப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"ஆட்டோ கூப்பிடு."

"நாளைக்கே ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போடறேம்மா. சக்கர நாற்காலி வெச்சு அழைச்சுட்டுப் போறேன். சத்தியமா" என்றேன்.

"ராமேஸ்வரம் யாருடா கேட்டா?" என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது. "போக முடியலையே, போக முடியலையேன்னு எட்டு மாசமா ஜன்னலைப் பார்த்து அழுதுட்டிருக்கேன். பத்து நிமிஷ தூரத்துல அவரை வெச்சுக்கிட்டு, என்கிட்ட சொல்லாம இருந்திருக்கியே!"